மூணாம் நம்பர் கேட்டில் ஒரு பூண்டுக்கொடி

லாரிக்கு அடியில் விட்டு எடுத்த கண்ணாடியை அவர் உடனே உள்ளே வைத்துவிடுவதில்லை. நீண்ட கம்பியின் நுனியில் பொருத்திய வட்டக் கண்ணாடி அது. வண்டிக்குக் கீழே யாரும் எதையும் ஒட்டவைத்துக் கொண்டுவந்துவிடக் கூடாது என்பதற்காக ஆலை கொடுத்தது. முன்சக்கரத்தில் தொடங்கிப் பின்சக்கரம்வரை நிதானமாக இழுத்துப் பார்ப்பார். லாரி நகர்ந்ததும் அதே கண்ணாடியைச் சுவரோரம் போகும் கொடியின் தாழ்ந்த இலைகளுக்கு அடியில் விடுவார். வெள்ளைப் பூச்சி ஏறியிருந்தால் இலையின் முதுகில்தான் இருக்கும். "அடியில என்ன இருக்குன்னு பாக்கத்தான குடுத்தாங்க, பாக்குறேன்" என்பார், யாரும் கேட்காமலே.

எங்களுடையது மருந்து ஆலை. மூன்று வாசல்கள். முதல் வாசலில் நீரூற்று இருக்கிறது. கார்கள் மட்டும் போகும். இரண்டாவது ஊழியர்களுக்கு. மூன்றாவது சரக்கு வாசல். காலிப் பாட்டில்கள் உள்ளே வரும், மருந்துப் பெட்டிகள் வெளியே போகும். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த வாசலின் பகல் காவல் இவருடையது. இயற்பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கும். ஆலைக்குள் 'மூணாம் நம்பர் அக்கா' என்றால்தான் தெரியும். வயது நாற்பத்தெட்டு. குட்டையான உருவம். காவலர்களை அனுப்பும் ஏஜென்சி கொடுத்த சீருடைச் சட்டை ஒரு சுற்றுப் பெரியது. கையை மூன்று மடிப்பு மடித்துவிட்டிருப்பார். தொப்பி காதில் நிற்கும்.

நான் தரப் பிரிவில் லேபிள் சரிபார்க்கிறவள். பாட்டிலில் ஒட்டும் தாளில் ஒரு புள்ளி தவறினாலும் என் தலைதான் உருளும். பேருந்து நிற்கும் இடம் மூன்றாம் வாசல் பக்கம் என்பதால் தனி அனுமதி வாங்கி அந்த வழியாகப் போய்வருகிறேன். எட்டு ஆண்டுகளாக மாலைதோறும் என் கைப்பையைத் திறந்து பார்க்கிறார். சொல்லும் வார்த்தையும் மாறாது: "பைய மட்டும் கொஞ்சம், சிரமம் பாக்காம."

ஒருநாள் என் அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகத் தகவல் வந்து அழுதுகொண்டே ஓடினேன். அன்றைக்கும் பையை வாங்கினார். திறந்தார், பார்த்தார், மூடினார். "வெளிய வண்டி நிறுத்தி வச்சிருக்கேன், ஏறுங்க" என்றார். நான் உள்ளே தொலைபேசியில் பேசி அழுததைப் பார்த்த யாரோ வாசலுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பை பார்த்ததற்குக் கோபப்படுவதா, வண்டிக்கு நன்றி சொல்வதா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

வண்டிகள் வந்துபோகும் விவரத்தை எழுத ஒரு தடித்த நோட்டு உண்டு. எண், நேரம், சரக்கு, கடைசியில் 'குறிப்பு' என்றொரு கட்டம். மற்ற வாசல்களில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். இவர் அதை விடமாட்டார். "ஹாரன் அதிகம்." "ஓட்டுநருக்குப் பல்வலி, முகம் வீக்கம்." "சிரித்தார்." ஒருமுறை மேலாளர் இதைப் படித்துவிட்டு என்னம்மா இது என்று கேட்டதற்கு, "குறிப்புன்னு போட்டிருக்கு சார், குறிச்சேன்" என்று பதில் வந்தது.

அவருடைய காவல் அறை நான்கு பக்கமும் தகரத்தாலான பெட்டி. உள்ளே ஒரு முக்காலி, ஒரு மேஜை, சுழலாத ஒரு விசிறி. வாசல் மேற்குப் பார்த்தது. மதியம் ஒரு மணிக்கு வெயில் உள்ளே வந்தால் ஐந்தரைக்குத்தான் எழுந்து போகும். வெளியே நின்றாலும் அதே கதை. கண்ணுக்கெட்டிய தூரம் காங்கிரீட் தரை.

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கோடையில், கதவைத் தள்ளிக்கொண்டே போனவர் பாதியில் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டார். நெற்றியில் இரண்டு தையல். ஏஜென்சியிலிருந்து கேட்டபோது கால் வழுக்கியது என்று சொன்னார். காய்ந்த காங்கிரீட்டில் எப்படி வழுக்கும் என்று யாரும் கேட்கவில்லை. மயக்கம் என்று சொல்லியிருந்தால் மறுநாள் அந்த முக்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வைத்தியம் பார்த்த மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. மதிய வெயிலில் நிற்காதீர்கள், நிழலில் இருங்கள் என்று மட்டும் சொன்னாராம். "எந்தக் கடையில வாங்குறதுன்னு கேட்டேன், அவருக்குச் சிரிப்பு வரல" என்றார் அக்கா.

நிழலுக்கு ஒரு கூரை கேட்டு மூன்று கடிதம் கொடுத்தார். மூன்றுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. அந்தத் தாள்களை மடித்து விசிறிக்கொள்வார். "இந்தப் பரிசீலனைக்குள்ள போய் ஒக்காந்துக்க முடிஞ்சா நல்லா இருக்கும் மேடம். உள்ள நல்ல நிழலாத்தான் இருக்கும், போனது எதுவும் வெளிய வரமாட்டேங்குதே."

நான் வேலை பார்க்கும் அறையில் எந்நேரமும் குளிர் இருபத்திரண்டு டிகிரியில் நிற்கும். நான் நாள் முழுக்கச் சரிபார்ப்பது எல்லாப் பாட்டிலிலும் உள்ள ஒரே வாக்கியத்தைத்தான்: 'நிழலான, குளிர்ந்த இடத்தில் வைக்கவும்.' பெட்டிமேலும் அதுவே பெரிய எழுத்தில் இருக்கும். அந்தப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு லாரி அவரைத் தாண்டிப் போகும்போது அவர் அதைப் படிப்பதை நான் பார்த்திருக்கிறேன். படித்துவிட்டு லாரி எண்ணை நோட்டில் எழுதுவார். நான்தான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

அவர் வீடு ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில். இரண்டு அறைகள். ஜன்னலைத் திறந்தால் கை நீட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். கணவர் நோட்டுப் புத்தகம் தைக்கும் பட்டறையில் வேலை. விரல் நுனியெல்லாம் பசை காய்ந்திருக்கும். மகள் பிசியோதெரபி படிக்கிறாள். "வீட்ல வெயிலே கிடையாது. இங்க வெயிலத் தவிர ஒண்ணுமே கிடையாது. ரெண்டையும் கலந்து பாதியா குடுத்திருந்தா எனக்கும் சரி, செடிக்கும் சரி" என்பார்.

செடி ஆசை அவருக்கு முன்பே இருந்ததா என்றால், இல்லை என்கிறார். நிழல் ஆசைதான். பேருந்து மாறும் இடத்தில் ஒரு வீடு உண்டு. அதன் கம்பி வேலி முழுக்க ஒரு கொடி. வருஷம் முழுக்கப் பச்சை, ஒரு நாளும் மொட்டையாகி நின்றதில்லை. அதற்குக் கீழே தினமும் ஒரு நாய் படுத்திருக்கும். "அது மூஞ்சியப் பாத்துதான் மேடம் தோணுச்சு. என்ன ஒரு நிம்மதி." பதினொரு நாள் பார்த்துவிட்டு, பன்னிரண்டாம் நாள் கதவைத் தட்டினார். அந்த வீட்டம்மா ஒரு இலையைக் கசக்கி இவர் மூக்கருகே நீட்டினார். உரித்த பூண்டு வாசனை. பெயரே பூண்டுக்கொடிதான்.

"ஒரு முழம் வெட்டிக்குங்க. ஆனா மொத ரெண்டு வருஷம் அதத் திட்டக் கூடாது."

"ஏன் திட்டணும்?"

"வளராது. எல்லாரும் திட்டுவாங்க. நானும் திட்டினேன்."

பென்சில் கனமுள்ள ஒரு துண்டை ஈரத்தாளில் சுற்றி, சாப்பாட்டு டப்பாவோடு வைத்துக் கொண்டுவந்தார். அறைக்குப் பக்கத்தில் ஒரு பழைய குழாயைப் பிடுங்கிய இடத்தில் கையகலக் குழி ஒன்று மூடாமல் கிடந்தது. ஆலைக்குள் மண் தெரிந்த ஒரே இடம் அதுதான். ஒரு லாரிக்காரரின் கடப்பாரையை வாங்கி அதை முழங்கை ஆழத்துக்குத் தோண்டினார். நல்ல மண் வேண்டும் என்று ஓட்டுநர்களிடம் சொல்லிவைத்தார். ஆளுக்கொரு பை கொண்டுவந்து போட்டார்கள். சிவப்பு, கறுப்பு, ஆற்று வண்டல். தண்ணீருக்கும் அலையவில்லை. ஆலைக்குள் திறந்த தண்ணீர்ப் பாட்டிலைக் கொண்டுபோகக் கூடாது. வருகிறவர்கள் வாசலிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். பாதி பேர் திரும்பும்போது கேட்கமாட்டார்கள். மிச்சத் தண்ணீரெல்லாம் அந்தக் குழிக்குப் போயிற்று.

வேலி வீட்டு அம்மா சொன்னது சரி. முதல் வருஷம் முழுவதும் கொடியில் நான் எண்ணிய இலைகள் பதினாறு. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் ஒரு வார்த்தை சொன்னார்கள். சமையலுக்குத் தாளிக்கவா என்றார் ஒருவர். இரவுக் காவலர் இது பாம்பைக் கூட்டிவரும் என்றார். அக்கா யாருக்கும் மறுப்புச் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "கீழ வேலை பாத்துக்கிட்டு இருக்கு மேடம். சிலது அப்படித்தான், மேல காட்டிக்காது" என்றார்.

அந்தப் பதினாறில் பத்து ஒரே நாளில் போயின. சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டும் அண்ணனை எல்லாரும் 'ரிவர்ஸ்' என்றுதான் கூப்பிடுவோம்; முன்னால் போவதைவிடப் பின்னால் வருவதில்தான் அவருக்குப் பிரியம். அன்றைக்கு அப்படி வந்தவர் கொடியின் மேல் ஏற்றிவிட்டார். இறங்கி வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அக்கா ஒன்றும் திட்டவில்லை. உள்ளே போய் நோட்டை எடுத்தார். வண்டி எண், நேரம், குறிப்பு: "பின்னால் வந்து மோதியது. காயம்பட்டவர் கொடி. உயிர் இருக்கிறது."

ரிவர்ஸ் அண்ணன் அதைப் படித்துவிட்டுப் போனார். மறுநாள் உடைந்த சரக்குப் பலகைகளைக் கொண்டுவந்து ஒரு சட்டம் அடித்தார். பெட்டிகளைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகளை அதில் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினார். ஏற வழி கிடைத்ததும் கொடிக்குப் புத்தி வந்ததுபோல இருந்தது. இரண்டு இலை, நடுவில் நூல் மாதிரி ஒரு பற்றுக்கம்பி. அந்த நூல் பட்டையைத் தொட்டு, ஒரே இரவில் சுற்றிக்கொள்ளும். மூன்றாம் வருஷக் கோடை வந்தபோது காவல் அறையின் மேற்குச் சுவரும் கூரையும் இலைக்குள் இருந்தன. வாசலுக்கு முன்னால் முக்காலி போடும் அளவுக்கு ஒரு நிழல் விழுந்தது. மதியம் இரண்டு மணிக்கு அவர் அங்கே உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, அந்த நாய் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது.

கோடை முடிந்து முதல் மழை விழுந்ததும் பூத்தது. சும்மா ஒன்றிரண்டு இல்லை. ஒரு வாரத்தில் கொத்துக் கொத்தாக இறங்கிவிட்டது. பூக்கும் அன்று கத்தரிப்பூ நிறம், இரண்டு நாளில் வெளுத்து இளஞ்சிவப்பு, பிறகு கிட்டத்தட்ட வெள்ளை. மூன்றும் ஒரே கொடியில் ஒரே நேரத்தில். முதல் வாசல் கார்கள்கூட இந்தப் பக்கமாகச் சுற்றிப் போயின. எந்தப் பூவையும் யாரும் பறிக்க அவர் விடவில்லை. ஆனால் கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரு இலையைக் கசக்கிக் கொடுத்தார். முகர்ந்துவிட்டு அவர்கள் மூக்கைச் சுளிப்பதைப் பார்ப்பதில் அவருக்கு அப்படியொரு திருப்தி. பூவைச் சுற்றித் தேனீக்கள் வந்தன.

அங்கேதான் வினை.

வெளியிலிருந்து ஆய்வுக் குழு ஒன்று வருவதாக அறிவித்தார்கள். அதற்குமுன் தரப் பிரிவு ஆலையைச் சுற்றிப் பார்த்து ஒரு பட்டியலை நிரப்ப வேண்டும். மூன்றாம் வாசல் பகுதி என் பங்குக்கு வந்தது. அறுபத்திரண்டு கேள்விகள். நாற்பத்தேழாவது: 'சரக்குக் கதவிலிருந்து ஐம்பது அடிக்குள் பூக்கும் செடிகள் உள்ளனவா?' பூ இருந்தால் பூச்சி வரும், வந்தது மருந்தில் விழும். விதி சரியான விதிதான். பூக்காமல் இருந்த மூன்று வருஷமும் நான் அந்தக் கேள்வியை மனசாட்சிக்கு விரோதம் இல்லாமல் தாண்டியிருந்தேன்.

இரண்டு நாள் பட்டியலைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். 'இல்லை' என்று போட்டால் யாருக்குத் தெரியும்? மயங்கி விழுந்த ஆளின் நிழலை ஒரு பேனாக் கோட்டில் பிடுங்குவதா? இரண்டாம் நாள் மாலை பையைத் திறந்து காட்டியபோது அந்தத் தாள் மேலேயே இருந்தது. அவர் படித்துவிட்டார்.

"இதுக்குத்தான் ரெண்டு நாளா என் மூஞ்சியப் பாக்காம போறீங்களா?"

"நான் இல்லைன்னு போட்டுடுறேன் அக்கா."

அவர் பையை மூடி என் கையில் கொடுத்தார்.

"ஆறு வருஷமா உங்க பைய தினமும் தொறக்குறேன். ஒருநாளாவது விட்டிருக்கேனா?"

"இல்ல."

"அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்பகூட விடல. எனக்கு அன்னைக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்க எனக்காக ஒண்ணு விட்டீங்கன்னா நான் உங்களுக்காக ஒண்ணு விடணும். அப்புறம் ரெண்டு பேரும் எதுக்கு இங்க?" கொடியைத் திரும்பிப் பார்த்தார். "எத்தன அடி சொன்னீங்க?"

"அம்பது."

அளவு நாடாவை இருவருமாகப் பிடித்தோம். கிடங்கின் சரக்குக் கதவிலிருந்து காவல் அறைவரை நாற்பத்தொன்று. ஒன்பதடி குறைகிறது. அறையைத் தள்ளி வைக்க முடியாது, கதவையும் தள்ள முடியாது. நான் நாடாவைச் சுருட்டினேன். அவர் வாசல் கதவின் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மரமா இருந்தா வெட்டத்தான் வேணும். இது கொடிதான மேடம். வேர் எங்க வேணும்னாலும் இருக்கட்டும், பூ எங்க வருதுங்கிறதுதான உங்களுக்குக் கணக்கு?"

மறுநாள் காலை என் பிரிவுத் தலைவரிடம் போனேன். கடுகடுப்பான மனிதர், ஆனால் விதியை ஏன் எழுதினார்கள் என்று யோசிக்கத் தெரிந்தவர். மோவாயைச் சொறிந்துகொண்டு, "பூச்சிக்கு வேர் எங்க இருக்குன்னு தெரியாது" என்றார். கடைசிப் பூவிலிருந்து அளக்கலாம், உள்பக்கம் ஒரு மொட்டு பார்த்தாலும் வேரோடு எடுக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

ஆறு நாள் மதிய உணவு வேளையில் அந்த வேலை நடந்தது. பூத்த கொத்துகளை முதலில் கழித்தார். பிறகு நகவெட்டியால் ஒவ்வொரு பற்றுக்கம்பியாக நறுக்கி, மூன்று வருஷம் ஏறிய கொடியைக் கூரையிலிருந்து இறக்கினார். அவசரப்பட்டு இழுத்தால் முறியும். குழந்தைக்குச் சட்டை கழற்றுகிறவர்போல ஒரு கையால் தாங்கி ஒரு கையால் விடுவித்தார். முற்றிய தண்டு வளையாத இடத்தில் நிறுத்திவிட்டு, இளங்கொடிகளை மட்டும் சுவரோரமாகத் தாழ்வாகக் கொண்டுபோய், வாசல் கதவுத் தூணுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்து வழியாக வெளியே விட்டார். வெளிப்பக்கம் ரிவர்ஸ் அண்ணன் நான்கு கழி நட்டு மேலே பட்டை இழுத்திருந்தார். அடியில் இருவர் மூவர் உட்கார ஒரு பலகையும் அடித்துப் போட்டார். அங்கே ஆலைக்கு வேலை கேட்டு வருகிறவர்கள், முறை வரக் காத்திருக்கும் ஓட்டுநர்கள், உள்ளே இருப்பவருக்குச் சாப்பாடு கொண்டுவரும் வீட்டார் எல்லாரும் வெயிலில்தான் நிற்பது வழக்கம்.

ஏழாம் நாள் காவல் அறைத் தகரம் மொட்டையாக நின்றது. எவ்வளவு சின்ன அறை என்பதே மறந்துபோயிருந்தது. நான் நாற்பத்தேழாம் கேள்விக்கு 'இல்லை' என்று போட்டேன். ஆய்வுக் குழு வந்தது, பார்த்தது, போனது. கொடியை அவர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அடுத்த கோடை நெருங்கியது. காவலருக்கு வாசலைத் தாண்டி வெளியே போய் நிற்க அனுமதி இல்லை. கொடி வெளியே தழைத்துக்கொண்டிருந்தது. இவர் உள்ளே தகரத்தோடு இருந்தார். நெற்றித் தழும்பைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பயம். ஒருநாள் எங்கள் ஆய்வகத்து வெப்பமானியை எடுத்துக்கொண்டு போய் அந்த மேஜைமேல் வைத்தேன். மதியம் மூன்று மணிக்கு நாற்பத்தாறு. ஐந்து நாள் தொடர்ந்து எழுதி, கையெழுத்துப் போட்டு, நிர்வாகத்துக்கு அனுப்பினேன். 'இந்த அறையில் வைத்தால் நம் மருந்து எதுவும் இரண்டு வாரத்துக்குமேல் தாங்காது' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். கூரை வரவில்லை. அறைக்கு மேலே நிழலுக்குக் கட்ட ஒரு பச்சை வலை வந்தது. அதோடு விசிறியும் சுழன்றது.

"எவ்வளவு குறைஞ்சிருக்கு மேடம்?"

"அஞ்சு டிகிரி."

"போதும். முன்னாடி கொதிச்சேன், இப்ப வேகத்தான் செய்யுறேன்."

நான் கேட்டே விட்டேன். இத்தனை வருஷம் வளர்த்து, யாரோ உட்காரக் கொடுத்துவிட்டோமே என்று வருத்தமில்லையா?

"இருந்துச்சு. ஒரு மாசம் அந்தப் பக்கமே திரும்பல." உள்பக்கத் தண்டில் முளைத்திருந்த ஒரு மொட்டைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டார், தினமும் காலையில் முதல் வேலை இதுதான். "அப்புறம் ஒருநாள் இன்டர்வியூவுக்கு ஒரு பொண்ணு வந்துச்சு, மாசமா இருந்தது. ரெண்டு மணி நேரம் ஒக்காந்திருந்துட்டு, எழுந்து போறப்ப மேல பாத்துச்சு. நானும் அப்பத்தான் பாத்தேன்."

வேலி வீட்டு அம்மாவைப் பார்க்க அக்கா போய்வந்தாராம். கொடி இரண்டு முறை பூத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா, நான்காம் வருஷத்திலிருந்து அது நம் பேச்சைக் கேட்காது என்றாராம். அது உண்மை. இப்போது வெளிச்சுவரில் இருபதடி போயிருக்கிறது. போன மழைக்குப் பிறகு சாலையில் போகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

போன வாரம் அக்காவுக்கு ஓய்வு நாள். வருஷத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனைச் சீட்டை நிர்வாகத்தில் கொடுக்க வேண்டும். அன்றுதான் கடைசி நாள். மாற்றுக் காவலராக வந்திருந்தவர் ஏஜென்சி அனுப்பிய புது ஆள், அன்றுதான் முதல் நாள். அவருக்கு இவரைத் தெரியாது. நான் மதியம் மாடியிலிருந்து இறங்கி வாசல் பக்கம் வந்தபோது அந்தப் புதுக் காவலர் நோட்டோடு என்னிடம் ஓடிவந்தார்.

"மேடம், ஒரு அம்மா ஆஃபீஸ்ல யாரையோ பாக்கணும்னு வந்திருக்காங்க. உள்ள போன் போட்டேன், யாரும் எடுக்கல. வெளிய ஒக்கார வச்சிருக்கேன். முக்கா மணி நேரம் ஆச்சு."

கதவுக் கம்பிகளுக்கு வெளியே பார்த்தேன். தொப்பி இல்லை, சீருடை இல்லை. கையில் ஒரு காகித உறை. இலைகளுக்குக் கீழே, பலகையின் ஓரத்தில், வேலை கேட்டு வந்தவரைப்போல அடக்கமாக உட்கார்ந்திருந்தார். எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

பன்னிரண்டு வருஷம் இந்த வாசலைக் காத்தவரையா வெளியே உட்கார வைத்திருக்கிறாய் என்று அந்தப் புது ஆளிடம் சொல்ல வாயெடுத்தேன். அக்கா அங்கிருந்தே என்னைப் பார்த்துவிட்டார். வேண்டாம் என்று மெதுவாகத் தலையை ஆட்டினார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, இரண்டு கால்களையும் பலகைமேல் தூக்கி மடித்துக்கொண்டு, தலையைச் சுவரில் சாய்த்து, கண்களை மூடிக்கொண்டார்.